ஸ்விட்ச்சில் மல்டிகாஸ்ட் குழு வடிகட்டல்: குவெரியர் முதலில், வடிகட்டி பிறகு

ஒரு ஓட்டலின் ஐபிடிவி அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஹெட்எண்டிலிருந்து, அதாவது சேனல்களை அனுப்பும் மையக் கருவியிலிருந்து, 40 சேனல்கள் மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஓடை பல கருவிகளுக்குப் போகும் முறையில்) வருகின்றன. சேனலுக்கு 8 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மொத்தம் 320 எம்பிபிஎஸ். அறையில் உள்ள செட்டாப் பாக்ஸின் போர்ட் 100 எம்பிபிஎஸ். விருந்தினர் பார்ப்பது ஒரே ஒரு சேனல். அந்த ஒன்றை மட்டும் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டுக்கு அனுப்பினால் தொல்லை இல்லை. நாற்பதையும் அனுப்பினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாக்கெட் விழுந்துபோகும், பார்த்துக்கொண்டிருக்கும் சேனலும் கட்டம் கட்டமாக உடையும். அதே விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பில்) கேமராவோ ஆக்சஸ் பாயிண்டோ இருந்தால், கேட்காமலே வந்து சேரும் அந்த வெள்ளத்தில் அவையும் திணறும்.

இதைத் தடுக்க இருக்கும் வசதிதான் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். ஐஜிஎம்பி என்பது கருவிகள் மல்டிகாஸ்ட் குழுவில் சேரவும் விலகவும் பயன்படுத்தும் நெறிமுறை. பெரும்பாலான மேனேஜ்டு ஸ்விட்சுகளில் இது இருக்கும். வலைப்பக்கத்தில் ஒரு டிக் போட்டால் இயங்கத் தொடங்கிவிடும். பலர் அந்த டிக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்னூப்பிங் என்பது ஸ்விட்ச் தானாக எடுக்கும் முடிவு அல்ல. வேறு இருவர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு அதன்படி நடப்பது. கேள்வி கேட்பவர் இல்லாவிட்டால் பதில் சொல்பவரும் இருக்க மாட்டார். ஒட்டுக்கேட்கும் ஸ்விட்ச்சுக்குக் காதில் எதுவும் விழாது. மல்டிகாஸ்ட் வடிகட்டலில் வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தில்தான் போய் முடிகிறது.

ஸ்விட்ச்சின் காதில் விழுவது என்ன

ஐபிவி4-இல் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை உள்ள முகவரிகள் மல்டிகாஸ்ட் குழுக்களுக்கு உரியவை. ஒரு கருவி ஒரு குழுவில் சேர விரும்பினால் ஐஜிஎம்பி ரிப்போர்ட் அனுப்புகிறது. இரண்டாம் பதிப்பில் அந்த ரிப்போர்ட் குழுவின் முகவரிக்கே போகும். மூன்றாம் பதிப்பில் 224.0.0.22-க்குப் போகும். விலகும்போது இரண்டாம் பதிப்புக் கருவி 224.0.0.2-க்கு லீவ் செய்தி அனுப்பும். இவற்றுக்கு எதிர்முனையில் குவெரியர் என்ற பொறுப்பில் ஒரு ரூட்டரோ ஸ்விட்ச்சோ உட்கார்ந்து, 224.0.0.1-க்கு ஒரு பொதுக் குவெரியை அனுப்பி, யார் யாருக்கு எந்தக் குழு வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போன்ற வேலை. பெயர் கூப்பிடுபவர் நிறுத்திவிட்டால், இருப்பவர்களும் இல்லாதவர்களாகக் கணக்கில் போவார்கள்.

ஐஜிஎம்பியின் முதல் பதிப்பு 1989-இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வந்தது. லீவ் செய்தி 1997-இன் ஆர்எஃப்சி 2236-இல், இரண்டாம் பதிப்போடு சேர்ந்தது. எந்த மூலத்திலிருந்து வேண்டும் என்றும் சொல்ல வழி செய்த மூன்றாம் பதிப்பு 2002-இன் ஆர்எஃப்சி 3376. இம்மூன்றும் ரூட்டருக்கும் கருவிக்கும் இடையிலான பேச்சை மட்டுமே வரையறுக்கின்றன. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு 2006 வரை பொதுவான ஆவணமே இல்லை. அந்த ஆண்டு வந்த ஆர்எஃப்சி 4541-உம் கட்டாயத் தரநிலையாக வரவில்லை, பரிந்துரைகளின் தொகுப்பாகத்தான் வந்தது. ஒரே பெயரில் உள்ள டிக் ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்விட்ச்சிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

அந்த ஆவணம் சொல்லும் ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் புரிந்துவைக்க வேண்டும். ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்ச் ரிப்போர்ட்டுகளை ரூட்டர் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும், மற்ற கருவிகளுக்குக் காட்டக் கூடாது. முதல் இரு பதிப்புகளிலும், தனக்கு முன்பே வேறொரு கருவி அதே குழுவுக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டதைக் கேட்டால் கருவி தன் ரிப்போர்ட்டை அடக்கிக்கொள்ளும். ரூட்டருக்கு ஒரு பதில் போதும் என்பதால் அப்படி வைத்தார்கள். ஸ்விட்ச்சுக்கோ ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் தனித்தனிப் பதில் வேண்டும். ரிப்போர்ட் எல்லாருக்கும் கேட்டுவிட்டால் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஸ்விட்ச் வைத்திருக்கும் குழு உறுப்பினர் பட்டியலில் நிற்கும், மற்ற திரைகள் ஒவ்வொன்றாக அணையும். ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டில் சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்ச்சைத் தொங்கவிட்டால், அதன் கீழே உள்ள கருவிகளுக்குள் இந்த அடக்கம் நடக்கத்தான் செய்யும். அங்கே போர்ட் ஒன்றுதான் என்பதால் அது கெடுதல் செய்வதில்லை.

260 விநாடி

தரநிலையின் இயல்பு அளவுகள் இவை: பொதுக் குவெரி 125 விநாடிக்கு ஒருமுறை, பதில் சொல்ல 10 விநாடி அவகாசம், தாங்குதிறன் எண் (காத்திருக்க வேண்டிய குவெரி இடைவெளிகளின் எண்ணிக்கை) 2. ஒரு போர்ட் எவ்வளவு நேரம் பட்டியலில் இருக்கும் என்றால், இரண்டு குவெரி இடைவெளியோடு ஒரு பதில் அவகாசத்தைக் கூட்ட வேண்டும்: 2 × 125 + 10 = 260 விநாடி. நான்கு நிமிடம் இருபது விநாடி.

இப்போது ஸ்னூப்பிங் இயங்குகிறது, குவெரியர் இல்லை என்று வைப்போம். செட்டாப் பாக்ஸ் சேனலைத் திறந்ததும், யாரும் கேட்காமலே ஒரு ரிப்போர்ட் அனுப்பும். ஸ்விட்ச் அதைக் கேட்டுப் போர்ட்டைப் பட்டியலில் சேர்க்கும். படம் வரும். நிறுவ வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போய்விடுவார். அதன்பின் குவெரி வராததால் பாக்ஸ் வாயைத் திறக்காது. 260-ஆவது விநாடியில் பட்டியல் பதிவு காலாவதியாகி, படம் உறைந்து நிற்கும். சேனலை மாற்றித் திரும்பி வந்தால் புதிய ரிப்போர்ட் போகும், படமும் திரும்ப வரும், இன்னொரு நான்கு நிமிடத்துக்கு. "பாக்ஸ்தான் கெட்டுப்போச்சு" என்று பாக்ஸை மாற்றுவார்கள். புதிய பாக்ஸும் அதே நேரத்தில் நிற்கும்.

சில ஸ்விட்சுகளில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். பதிவு காலாவதியானதும் அந்தக் குழு யாரும் கேட்காத குழுவாகிறது. அப்படிப்பட்ட பாக்கெட்டை ரூட்டர் போர்ட்டுகளுக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 4541. இயல்பாக எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பவும் ஸ்விட்ச்சை அனுமதிக்கிறது. அந்த வகை ஸ்விட்ச்சில் படம் நிற்காது. நான்கு நிமிடம் கழித்து ஸ்னூப்பிங்கே இல்லாதது போல எல்லாப் போர்ட்டுக்கும் வெள்ளம் பாயும். லினக்ஸ் பிரிட்ஜும் (லினக்ஸ் கணினிக்குள் இயங்கும் மென்பொருள் ஸ்விட்ச்) குவெரியர் ஒருவரும் தென்படாவிட்டால் எல்லாருக்கும் அனுப்பிவிடும். ஸ்னூப்பிங் "ஆன்" என்று திரையில் காட்டியும் போர்ட் கவுண்ட்டரில் மல்டிகாஸ்ட் எண்ணிக்கை எகிறுகிறதென்றால் முதலில் தேட வேண்டியது குவெரியரைத்தான்.

கேமரா அமைப்புகளில் இது இன்னும் மறைவாக வரும். ஆன்விஃப் கேமராக்களைத் தானாகத் தேடும் முறையும், டிஎல்என்ஏ (வீட்டு ஊடகப் பகிர்வு) கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறையும் 239.255.255.250 என்ற ஒரே குழுவைப் பயன்படுத்துகின்றன. குவெரியர் இல்லாத விலானில், இயக்கிய சில நிமிடங்களுக்குக் கேமரா தேடலில் அகப்படும், பிறகு காணாமல் போகும். நேராக ஐபி முகவரியைத் தட்டினால் திறக்கும். எனவே மல்டிகாஸ்ட் பக்கம் யாருக்கும் சந்தேகமே வராது.

நோய் ஒரு கருவிக்கு மட்டுமா, மொத்த விலானுக்குமா என்று பிரித்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். எல்லாக் கருவிகளும் சேர்ந்து நின்றால் குவெரியர் இல்லை, அல்லது குவெரி வழியில் மடிகிறது. ஒரே ஒரு கணினி மட்டும் நான்கு நிமிடத்தில் நின்றால் அதன் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். ஐஜிஎம்பி டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல; ஐபியின் புரோட்டோகால் எண் 2. டிசிபி, யுடிபி, பிங் மூன்றை மட்டும் திறந்துவிட்டு மீதியை மூடும் ஃபயர்வால் விதியில் குவெரி உள்ளே வராது, பதிலும் போகாது. ஐபி ஆப்ஷன் உள்ள பாக்கெட்டுகளைத் தடுக்கும் பாதுகாப்பு விதிகளும் இதே கேட்டைச் செய்யும். இரண்டாம், மூன்றாம் பதிப்பு ஐஜிஎம்பி பாக்கெட்டுகளில் ரூட்டர் அலர்ட் என்ற ஆப்ஷன் எப்போதும் இருக்கும்.

குவெரியரை எங்கே வைப்பது

விலானுக்கு லேயர் 3 ஸ்விட்ச்சோ (ரூட்டிங்கும் செய்யும் ஸ்விட்ச்) ரூட்டரோ இருந்து, அதில் மல்டிகாஸ்ட்டை ரூட் செய்யும் நெறிமுறையான பிம் இயங்கினால் அதுவே குவெரியர் ஆகிவிடும். தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் சின்ன, நடுத்தர அமைப்புகளில் கேட்வேயாக இருப்பது பெரும்பாலும் ஒரு ஃபயர்வால். அதில் பிம் இயங்காது, குவெரியும் அனுப்பாது. அங்கே ஸ்விட்ச்சில் ஸ்னூப்பிங் குவெரியரைத் தனியாக இயக்க வேண்டும். சிஸ்கோ கேட்டலிஸ்ட்டில் ஸ்னூப்பிங் இயல்பாகவே இயங்கும், குவெரியர் இயங்காது. மைக்ரோடிக் பிரிட்ஜில் மல்டிகாஸ்ட் குவெரியர் இயல்பில் இல்லை. ஸ்னூப்பிங்கோடு சேர்த்து அதையும் ஆமென்று மாற்ற வேண்டும். லினக்ஸ் பிரிட்ஜிலும் ஸ்னூப்பிங் 1, குவெரியர் 0 என்பதே இயல்பு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

குவெரியர் ஒவ்வொரு விலானுக்கும் தனி. விலான் 1-இல் மட்டும் இயக்கிவிட்டு விலான் 20-இல் உள்ள செட்டாப் பாக்ஸ்களைத் திட்டுவதில் பயனில்லை. குவெரியர் உள்ள ஸ்விட்ச்சுக்கு அந்தந்த விலானில் ஒரு ஐபி முகவரி கொடுப்பது நல்லது. முகவரி இல்லாமல் 0.0.0.0-இலிருந்து குவெரி அனுப்பும் ஸ்விட்சுகள் உண்டு. கருவிகள் அதற்குப் பதில் சொன்னாலும், அந்தக் குவெரி வந்த போர்ட்டை மற்ற ஸ்விட்சுகள் ரூட்டர் போர்ட்டாகக் கொள்ளக் கூடாது என்பதே ஆர்எஃப்சி 4541-இன் பரிந்துரை. அப்படியானால் ஓரத்து ஸ்விட்ச்சில் கேட்ட ரிப்போர்ட் மைய ஸ்விட்ச்சுக்குப் போய்ச் சேராது. ஒரே ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒழுங்காக ஓடியது, இரண்டாவது ஸ்விட்ச்சைச் சேர்த்ததும் நின்றது என்றால் இதைப் பாருங்கள்.

ஒரே விலானில் இருவர் குவெரியராக இருந்தால் சிறிய ஐபி முகவரி உள்ளவர் வெல்வார், மற்றவர் அமைதியாகக் காத்திருப்பார். வென்றவரிடமிருந்து 255 விநாடி குவெரி வராவிட்டால் மற்றவர் எடுத்துக்கொள்வார். எனவே மைய ஸ்விட்ச்சுக்கு .2, மாற்று ஸ்விட்ச்சுக்கு .3 என்று திட்டமிட்டுக் கொடுத்தால் போதும். வேறு ஏற்பாடு தேவையில்லை.

இடத் தேர்வு ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு மல்டிகாஸ்ட் ஓடையும் உறுப்பினர் போர்ட்டுகளுக்கு மட்டுமல்லாமல் ரூட்டர் போர்ட்டுக்கும் போகும். யாரும் கேட்காத ஓடையும் அங்கே போகும். குவெரியர் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு விலானின் மொத்த மல்டிகாஸ்ட்டும் இழுக்கப்படும். ஹெட்எண்ட் மைய ஸ்விட்ச்சில் இருக்க, குவெரியர் மூன்றாம் மாடியின் சின்ன ஸ்விட்ச்சில் இருந்தால், 320 எம்பிபிஎஸ்-உம் அந்த மாடியின் அப்லிங்க் (மைய ஸ்விட்ச்சோடு இணைக்கும் தொடர்பு) வழியாக வீணாக ஏறும். அங்கே அப்லிங்க் 1 ஜிபிபிஎஸ் என்பதால் தாங்கும். ஒரு ஓடையே 900 எம்பிபிஎஸ் நெருங்கும் 4கே ஏவி கருவிகளில் தாங்காது. இரண்டாவது ஓடை தொடங்கியதும் அப்லிங்க் நிரம்பிவிடும். ஆகவே குவெரியர், மூலங்கள், அதிக வேகமுள்ள ஸ்விட்ச் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதுதான் சரி.

இதே காரணத்தால், ஓரத்துப் போர்ட்டில் யாரோ செருகிய ஒரு வீட்டு ரூட்டர் குவெரி அனுப்பத் தொடங்கினால் நிலைமை மோசமாகும். அதன் முகவரி உங்கள் குவெரியரை விடச் சிறியதாக இருந்தால் தேர்தலில் அதுவே வெல்லும், 40 சேனலும் அந்தப் போர்ட்டை நோக்கி ஓடும். தடுப்பது எளிது: கருவிகள் செருகும் எல்லாப் போர்ட்டுகளிலும், உள்ளே வரும் ஐஜிஎம்பி பாக்கெட்டுகளில் 224.0.0.1-க்குப் போவதை ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், மறுக்கும் விதிப்பட்டியல்) போட்டு மறுத்துவிடுங்கள். பொதுக் குவெரி மட்டுமே அந்த முகவரிக்குப் போகும், ரிப்போர்ட்டும் லீவும் போகாது. கருவிகளுக்குப் பாதிப்பு வராது.

கால அளவுகளையும் எல்லா ஸ்விட்ச்சிலும் ஒன்றாக வையுங்கள். சிஸ்கோவின் இயல்புக் குவெரி இடைவெளி 60 விநாடி. தரநிலையின் 125 அல்ல. அறுபதை நம்பிக் கணக்கிடும் ஸ்விட்ச் 2 × 60 + 10 = 130 விநாடியில் பதிவை அழிக்கும். குவெரியரோ 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கிறது, பதில் வர இன்னும் 10 விநாடி வரை ஆகலாம். சில சுற்றுகளில் பதில் முந்தும், சில சுற்றுகளில் காலாவதி முந்தும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு விநாடி படம் வெட்டுப்படுவது, அதுவும் ஒழுங்கில்லாமல் வெட்டுப்படுவது, இந்தப் பொருத்தமின்மையின் அடையாளம். மூன்றாம் பதிப்புக் குவெரிக்குள் இடைவெளி அளவும் எழுதியிருக்கும், கேட்பவர் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் பதிப்பில் அது இல்லை. கையால்தான் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

முகவரித் திட்டம்

பலர் அலட்சியப்படுத்தும் இடம் இது. ஈதர்நெட்டில் மல்டிகாஸ்ட் குழுவின் மேக் (வன்பொருள்) முகவரி 01:00:5E என்று தொடங்கும். மீதி இடத்தில் ஐபி முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டும் அமரும். குழு முகவரியை வேறுபடுத்தும் பிட்டுகள் 28. ஐந்து பிட் தொலைந்துபோவதால் 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 224.1.1.1, 239.1.1.1, 239.129.1.1 மூன்றும் மேக் அளவில் ஒன்றே. மேக் முகவரியை வைத்து வடிகட்டும் ஸ்விட்ச்சுக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஒன்றைக் கேட்டவருக்கு மூன்றும் போகும்.

இதில் மிக ஆபத்தானது 224.0.0.0 முதல் 224.0.0.255 வரை உள்ள பகுதி. ஓஎஸ்பிஎஃப், விஆர்ஆர்பி, எம்டிஎன்எஸ் போன்ற வலையமைப்பு நெறிமுறைகள் இங்கே வாழ்கின்றன. இவற்றுக்கு ரிப்போர்ட் வரும் என்று நம்ப முடியாததால் ஸ்விட்ச் இவற்றை எப்போதும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்ப வேண்டும். ஒருவர் தன் கேமராவுக்கு 239.0.0.5 என்று குழு முகவரி கொடுத்தால், அதன் மேக் முகவரி ஓஎஸ்பிஎஃப்பின் 224.0.0.5-உடையதே. மேக்கை வைத்து முடிவெடுக்கும் ஸ்விட்ச்சில் அந்தக் கேமரா ஓடை, ஸ்னூப்பிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், எல்லாருக்கும் போய்க்கொண்டே இருக்கும். 239.0.0.x, 239.128.0.x இரண்டையும் தொடவே கூடாது. நிறுவனத்துக்குள் பயன்படுத்த 239.192.0.0/14 ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டல் எடுத்துக்காட்டுக்கு 239.192.10.1 முதல் 239.192.10.40 வரை, சேனல் எண்ணே கடைசி எண்ணாக வைத்தால் பழுது பார்க்கும்போது பட்டியலைப் புரட்ட வேண்டியிருக்காது.

டாண்டே ஒலி அமைப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் கடிகார ஒத்திசைவு 224.0.1.129-இலிருந்து தொடங்கும் குழுக்களில் நடக்கிறது. மூன்றாம் எண் 1 என்பதால் அது எப்போதும் அனுப்பப்படும் பகுதிக்குள் வராது, ஸ்னூப்பிங்குக்கு உட்படும். குவெரியர் இல்லாவிட்டால் ஒலிக்கு முன் கடிகாரம் போகும்.

எந்தப் போர்ட்டுக்கு எந்தக் குழு

இதுவரை சொன்னது நிலைப்பட்டுச் சில நாள் ஓடிய பிறகே குழு வடிகட்டியைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்னூப்பிங் கேட்பவருக்கு மட்டும் தரும்; கேட்பவருக்குக் கேட்க உரிமை உண்டா என்று பார்க்காது. அதைப் பார்ப்பது ஐஜிஎம்பி ஃபில்ட்டர்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட்டில் இதற்கு ஐஜிஎம்பி புரொஃபைல் என்று பெயர். எண் கொடுத்து ஒரு புரொஃபைல் உருவாக்கி, அனுமதி என்ற செயலைக் குறித்து, 239.192.10.1 முதல் 239.192.10.40 வரை என்று எல்லையைக் கொடுத்து, அதை அறைப் போர்ட்டுகளில் பொருத்த வேண்டும். செயலைக் குறிக்காமல் விட்டால் இயல்பு மறுப்பு. அனுமதிக்க நினைத்த எல்லையே தடுக்கப்படும். லேயர் 2 போர்ட்டில்தான் இது பொருந்தும். ரூட் செய்யும் இடைமுகத்தில் அணுகல் பட்டியல் என்ற வேறு கட்டளை இருக்கிறது. அனுமதி எல்லையை எழுதும்போது சேனல்களை மட்டும் எண்ணிப் பார்த்து நிறுத்தாதீர்கள். செட்டாப் பாக்ஸ் தன் சர்வரைக் கண்டுபிடிக்க 239.255.255.250-ஐ நம்பியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

இந்த வடிகட்டி எதைச் செய்யாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். அது ரிப்போர்ட்டை மட்டுமே தடுக்கிறது, ஓடையைத் தடுப்பதில்லை. அறைப் போர்ட்டில் ஒருவர் மடிக்கணினியைச் செருகி 239.192.10.5-க்கு தானே ஒரு ஓடை அனுப்பினால், வடிகட்டி அதைப் பார்க்காது. ஐந்தாம் சேனல் பார்ப்பவர்களுக்கு இரண்டு ஓடைகளும் கலந்து போய்ப் படம் சிதறும். மூலங்கள் இருக்கக் கூடாத போர்ட்டுகளில், 239.0.0.0/8-க்கு உள்ளே வரும் யுடிபியை ஏசிஎல்லில் மறுப்பதே இதற்கு மருந்து. ரிப்போர்ட் வடிகட்டியும் இந்த ஏசிஎல்லும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமை பெறும்.

ஒரு போர்ட் எத்தனை குழுவில் சேரலாம் என்ற வரம்பும் உண்டு. ஒரு டிவிக்கு ஒரு சேனல்தானே என்று 1 போடுவது தவறு. பல பாக்ஸ்கள் சேனல் மாற்றும்போது பழையதை விடுவதற்கு முன்பே புதியதைக் கேட்கும். வரம்பு 1, மீறினால் மறுப்பு என்றிருந்தால் புதிய சேனல் வராமல் திரை கறுக்கும். தேடல் குழுவும் கணக்கில் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளும். 4 என்று வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. மீறினால் மறுக்காமல் பழையதை மாற்றிக்கொள் என்ற செயலும் கேட்டலிஸ்ட்டில் இருக்கிறது. ஆனால் எந்தப் பதிவை அகற்றுவது என்பதை அது தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும். வரம்பு 1 என்றால் பரவாயில்லை, அகற்ற ஒன்றுதான் இருக்கும். வரம்பு 4 என்றால் பார்த்துக்கொண்டிருக்கும் சேனலே போகலாம். எனவே நான்கும் மறுப்பும் சேர்ந்த அமைப்பையே பரிந்துரைக்கலாம்.

சேனல் மாற்றம் வேகமாக இருக்க உடனடி விலகல் என்ற வசதியை இயக்குவார்கள். இயல்பாக லீவ் செய்தி வந்ததும் குவெரியர் அந்தக் குழுவுக்கு மட்டும் ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓடையை நிறுத்தும். அதற்குள் பழைய சேனலும் புதியதும் இரண்டு விநாடி சேர்ந்து ஓடும். உடனடி விலகல் இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது. போர்ட்டுக்கு ஒரே ஒரு கருவி என்றால் மட்டும் இதை இயக்குங்கள். ஒரு அறையில் சின்ன ஸ்விட்ச் வைத்து இரண்டு டிவி மாட்டியிருந்தால், ஒருவர் சேனல் மாற்றியதும் அதே சேனல் பார்த்துக்கொண்டிருந்த மற்றவரின் படமும் நிற்கும். அடுத்த பொதுக் குவெரி வரும்வரை திரும்பாது.

கூடவே, அளவு மீறிய பாக்கெட் வெள்ளத்தை வெட்டும் ஸ்டார்ம் கண்ட்ரோலையும் பாருங்கள். மல்டிகாஸ்ட்டுக்கு 10 சதவீதம் என்று எல்லாப் போர்ட்டிலும் ஒரே அளவாகப் போட்டிருந்தால், ஹெட்எண்ட் செருகிய 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 320 எம்பிபிஎஸ் வரும்போது அது புயல் என்று முடிவுகட்டி வெட்டிவிடும். மூலப் போர்ட்டுக்கு தனி அளவு வேண்டும்.

சோதிப்பது

இரண்டு லினக்ஸ் கணினிகள் போதும். ஒன்றில் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை நிரலின் இரண்டாம் பதிப்பை யுடிபி முறையில், குழு முகவரியில் கேட்கும்படி இயக்குங்கள். மற்றதிலிருந்து அதே குழுவுக்கு 600 விநாடி அனுப்புங்கள். டிடிஎல் அளவை (பாக்கெட் எவ்வளவு தூரம் போகலாம் என்ற வரம்பை) வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது. மல்டிகாஸ்ட்டுக்கு இயல்பு டிடிஎல் 1 என்பதால் ரூட்டரைத் தாண்டும் சோதனை காரணம் தெரியாமல் தோற்கும். 260 விநாடிக்குக் குறைவாக ஓடும் எந்தச் சோதனையும் குவெரியர் இருப்பதை நிரூபிக்காது. பத்து நிமிடமாவது ஓட வேண்டும். அந்த நேரத்தில் மூன்றாவது போர்ட் ஒன்றின் கவுண்ட்டரைப் பாருங்கள். அங்கே ஓடையின் வேகம் தெரிந்தால் வடிகட்டல் நடக்கவில்லை.

ஸ்விட்ச்சில் பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஒவ்வொரு விலானுக்கும் குவெரியர் யார், எந்த முகவரி, எந்தப் பதிப்பு. அடுத்து ரூட்டர் போர்ட் எது. அது குவெரியரின் திசையில் இருக்கிறதா. அதன்பிறகே குழுப் பட்டியல். பலர் நேராகக் குழுப் பட்டியலைத் திறந்து, அது காலியாக இருப்பதைப் பார்த்துக் கருவியைச் சந்தேகிக்கிறார்கள். கருவி இருக்கும் போர்ட்டில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் நிரல்) வைத்து ஐஜிஎம்பியை மட்டும் வடித்துப் பார்த்தால், குவெரி வருகிறதா, பதில் போகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய ஸ்விட்ச் ஒன்று மூன்றாம் பதிப்பு ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளாமல் விட்டால், குவெரியரை இரண்டாம் பதிப்புக்கு இறக்குங்கள். பழைய பதிப்புக் குவெரியைக் கேட்ட கருவிகள் தாமும் அந்தப் பதிப்புக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு கருவியாகப் போய் மாற்ற வேண்டியதில்லை. மூலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் 232.0.0.0/8 குழுக்களைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அதற்கு மூன்றாம் பதிப்பு கட்டாயம்.

எப்போதாவது எல்லாப் போர்ட்டிலும் சில விநாடி வெள்ளம் பாய்ந்து அடங்குகிறது என்றால், ஸ்விட்சுகளுக்கிடையே வளையம் உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் மாற்றம் நடந்திருக்கும். வழி மாறியதால் யார் எங்கே என்று தெரியாத ஸ்விட்ச், புதிய குவெரி வரும்வரை எல்லாருக்கும் அனுப்புகிறது. கருவிகள் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக, அதாவது போர்ட்ஃபாஸ்ட்டாக, அமைத்தால் ஒரு டிவியை அணைத்துப் போடுவதெல்லாம் ஸ்பானிங் ட்ரீ மாற்றமாகக் கணக்கில் வராது.

கேட்காத குழுவை மூடுவது

யாரும் கேட்காத மல்டிகாஸ்ட்டை அடியோடு தடுக்கும் டிக்கும் பல ஸ்விட்சுகளில் இருக்கிறது. இதைக் கடைசியில் தொடுவதே நல்லது, ஒவ்வொரு விலானாக. ரிப்போர்ட் அனுப்பத் தெரியாத பழைய கருவிகள் இருந்தால் அவற்றின் போர்ட்டைக் குழுவில் நிலையாகச் சேர்த்த பிறகே தடுக்க வேண்டும்.

பெரிய பொறி ஐபிவி6-இல் இருக்கிறது. அங்கே பிராட்காஸ்ட் இல்லை. பக்கத்துக் கருவியின் மேக் முகவரியைக் கேட்பதற்குக்கூட மல்டிகாஸ்ட்தான். அந்தக் கேள்விகள் 33:33 என்று தொடங்கும் மேக் முகவரிகளுக்குப் போகின்றன. இவற்றுக்கான உறுப்பினர் செய்தி ஐஜிஎம்பியில் வராது. ஐசிஎம்பிவி6-க்குள் எம்எல்டி என்ற பெயரில் வரும். ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் மட்டும் இருந்து எம்எல்டி ஸ்னூப்பிங் இல்லாமல், அறியாத மல்டிகாஸ்ட் எல்லாவற்றையும் தடுத்தால், பக்கத்துக் கருவியைத் தேடும் கேள்வி ஸ்விட்ச்சிலேயே மடியும். ஐபிவி4 வழக்கம்போல் ஓடுவதால் யாருக்கும் உடனே தெரியாது. சில தளங்கள் திறக்கத் தாமதமாகும், சில கருவிகள் மட்டும் ஐபிவி6-இல் எட்டாமல் போகும். எம்எல்டி ஸ்னூப்பிங்கை இயக்கினால் அதற்கும் தனிக் குவெரியர் வேண்டும். ஐஜிஎம்பி குவெரியர் அந்த வேலையைச் செய்யாது. இரண்டையும் ஏற்பாடு செய்ய முடியாத ஸ்விட்ச்சில் இந்த டிக்கை எடுத்துவிட்டு, ஓடைகள் உள்ள கருவிகளைத் தனி விலானுக்கு மாற்றுவதே குறைந்த செலவில் முடியும் வழி.